ஊஞ்சல் பலகை குழிந்துவிட்டது, இழைக்காமல் நிமிர்த்த முடியுமா?

மூன்றாம்கட்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில். வருடத்துக்கு ரெண்டு மூன்று தடவை வந்து திறப்போம், மற்ற நாளெல்லாம் வீடு பூட்டித்தான் கிடக்கும். போன ஐப்பசி மழையில் வளவுத் தாழ்வாரத்தில் ஒரு ஓடு நழுவியிருக்கிறது. அதற்கு நேர் கீழே ஊஞ்சல். கார்த்திகை முடியும் வரைக்கும் அதன்மேல் தண்ணீர் சொட்டியிருக்க வேண்டும், பார்க்க ஆள் இல்லை.

தைப் பொங்கலுக்கு வந்தபோது பலகை மேலே கறுத்து, நடு லேசாக உப்பி, ரெண்டு ஓரமும் கீழே இறங்கி இருந்தது. ஓட்டை மாற்றினோம். ஈரம் போகட்டும் என்று பலகையைக் கழற்றி, நனைந்த மேல்பக்கம் வெயில் படும்படி முற்றத்தில் மூன்று நாள் போட்டோம். அப்புறம் பட்டாலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஊருக்குப் போய்விட்டோம். இப்போது சித்திரையில் வந்து பார்த்தால், அன்றைக்கு உப்பியிருந்த பலகை அப்படியே தலைகீழாக மாறி, உட்காரும் பக்கம் குழிந்து கிடக்கிறது. ஓரத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தால் நடுவுக்கு உருண்டு வருகிறது. அகலவாட்டில் நூலை இழுத்துப் பிடித்து அளந்தேன், நடுவில் நாலு நூல் இடைவெளி, அதாவது முழுசாக அரை அங்குலம்.

பலகை ஐந்தரை அடி நீளம், 22 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம். ஒட்டே இல்லாத ஒற்றைப் பர்மாத் தேக்கு. ஐயா காலத்தில் வந்தது. அடியில் ரெண்டு குறுக்குச் சட்டம் ஆணி அடித்து இருந்தது, அதில் ஒன்று ஆணியோடு பிடுங்கிக்கொண்டது.

உள்ளூரில் கூப்பிட்ட ஆசாரி ரெண்டு பக்கமும் இழைத்து மட்டமாக்கித் தருகிறேன் என்கிறார். அப்படிச் செய்தால் கனத்தில் அரை அங்குலம் போய்விடும். அதோடு, அப்பத்தா வெற்றிலைச் செல்லத்தை எப்போதும் ஒரே மூலையில் வைத்து வைத்து அந்த இடம் தேய்ந்து வழவழவென்று ஒரு தடம் இருக்கிறது, அதுவும் சீவலோடு போய்விடும். எனக்கு மனசு வரவில்லை.

கேட்க வேண்டியது ரெண்டு. இழைக்காமல் வீட்டிலேயே நிமிர்த்த வழி உண்டா? நனைந்த பக்கம் உப்பத்தானே வேண்டும், அது எப்படிக் குழிந்தது? ஆவணியில் அப்பச்சிக்குச் சாந்தி (வயது நிறைவு விழா), அதற்குள் ஊஞ்சல் மாட்ட வேண்டும் என்று ஆசை.


இழைப்புளி எழுதியது:

தேவகோட்டைப் பக்கம் தச்சு வேலை செய்கிற குடும்பம் எங்களுடையது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இப்போதைக்கு இழைப்புளியைத் தொடவே வேண்டாம். ஈரம் சமமாகாத பலகையை இன்றைக்கு மட்டமாக இழைத்தால், மழைக்காலம் வந்ததும் அது எதிர்ப்பக்கம் வளையும். அப்போது மறுபடி இழைக்கச் சொல்வார்கள். இப்படி நல்ல தேக்குப் பலகைகள் கதவுத் தகடு மாதிரி மெலிந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் வழி சொல்கிறேன். பலகையின் தலைப்பை, அதாவது குறுக்கே அறுத்த முகத்தை, ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள், வருட வளையங்கள் தெரியும். பலகையை உட்காரும் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்துப் பார்க்கும்போது அவை வானவில் மாதிரி கவிழ்ந்து இருக்கின்றனவா, கிண்ணம் மாதிரி மல்லாந்து இருக்கின்றனவா? அடுத்தது முறுக்கு. ரெண்டு நேரான சட்டத்தைத் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று குறுக்கே வைத்துவிட்டு, குனிந்து கண் மட்டத்தில் ஒன்றின் விளிம்பை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரெண்டும் ஒரே கோட்டில் நின்றால் வெறும் குழிவுதான், நமக்கு நல்ல காலம். ஒன்று சாய்ந்து தெரிந்தால் பலகை முறுக்கியிருக்கிறது, அதை வீட்டில் நிமிர்த்துவது பெரும்பாலும் நடக்காது. மூன்றாவது பாலிஷ். ஒரு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு மூலையில் தேய்த்தால் பிசுபிசுவென்று கரைகிறதா? கடைசியாக, சங்கிலி மாட்டும் நாலு துளையைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். நாலு பேர் உட்கார்ந்து ஆடுகிற பொருள், அதில் சமாதானம் கிடையாது.


ஊருக்குவந்தவன் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? அடிப்பக்கம் நீளவாட்டில் ரம்பத்தால் பாதிக் கனத்துக்கு ஏழெட்டுக் கோடு போட்டால் பலகை இளகிவிடும். அமுக்கிச் சட்டம் அடித்தால் மட்டமாக நின்றுவிடும். எங்கள் சாப்பாட்டு மேசைக்கு இப்படித்தான் செய்தோம், ரெண்டு வருடமாக நன்றாக இருக்கிறது.


இழைப்புளி எழுதியது:

தம்பி, மேசைக்குச் சரி, அதற்கு அடியில் சுற்றிச் சட்டமும் காலும் தாங்குகிறது. ஊஞ்சல் பலகை நாலு மூலையில் தொங்குகிறது, பாரம் முழுக்க அந்தக் கனத்தின் மேல்தான். பாதிக் கனத்துக்கு வெட்டிவிட்டால் ஒருநாள் வெட்டுக்கோட்டிலேயே பிளக்கும். தயவுசெய்து ஊஞ்சலுக்கு யாரும் இதைச் செய்யாதீர்கள்.


மூன்றாம்கட்டு எழுதியது:

பார்த்துவிட்டேன் அண்ணே. வளையங்கள் வானவில் மாதிரி கவிழ்ந்துதான் இருக்கின்றன. சட்டம் வைத்துப் பார்த்ததில் ரெண்டும் ஒரே கோடு, முறுக்கு இல்லை. ஸ்பிரிட் தொட்டதும் பஞ்சு பழுப்பாகி ஒட்டியது. துளைகளைச் சுற்றி ஒன்றும் இல்லை, கால்மாட்டுத் தலைப்பில் மட்டும் ஒரு விரற்கடை நீளத்துக்கு மயிரிழை வெடிப்பு.


மரவளையம் எழுதியது:

மரக்கடையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன், அந்த ரெண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால்தான் வைத்தியமும் புரியும்.

மரம் ஈரத்தைக் குடித்தால் பருக்கும், விட்டால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவு கிடையாது. நீளவாட்டில் அநேகமாக ஒன்றுமே இல்லை. வளையத்தை ஒட்டிய வாட்டில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய வாட்டில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதனால்தான் பலகை காயும்போது வளைந்த வளையங்கள் நிமிரப் பார்க்கின்றன. உங்கள் பலகையில் வளையம் கவிழ்ந்து இருக்கிறது, அப்படியென்றால் பட்டைப் பக்கம் மேலே, வைரப் பக்கம் கீழே. நன்றாகக் காய்ந்தால் பட்டைப் பக்கம் குழியும். இது முதல் காரணம், சித்திரை வெயிலில் நம் பக்கத்துக் காற்று எப்படிக் காய்ந்து கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ரெண்டாவது காரணம்தான் பெரியது. மழையில் மேல்பக்கம் மட்டும் ரெண்டு மாதம் நனைந்தது. அது அகலத்தில் பருக்கப் பார்க்கிறது, கீழே இருக்கும் காய்ந்த மரமும் குறுக்குச் சட்டமும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்கின்றன. தப்பிக்க வழியில்லாமல் மேல்பக்கத்து இழைகள் ஒன்றை ஒன்று நெருக்கி நசுங்கிவிடுகின்றன. தை மாதம் நீங்கள் பார்த்த உப்பல் அந்த நிலை. பிறகு அதே பக்கத்தை வெயிலில் காட்டினீர்கள், அது சுருங்கியது. ஆனால் நசுங்கிய இழை பழைய அளவில் வந்து நிற்காது, அதைவிடக் குறுகித்தான் நிற்கும். மேல்பக்கம் குறுகிவிட்டால் பலகை மேல்நோக்கிக் குழியத்தானே செய்யும். தினமும் ஈரத் துணியால் மேலே மட்டும் துடைக்கிற மேசைப் பலகைகள் காலப்போக்கில் குழிவதும் இதனால்தான்.

ஆக, இப்போது செய்ய வேண்டியது, குறுகிப்போன அந்த மேல்பக்கத்தை மறுபடி நனைத்துப் பருக்க வைத்து, இந்தத் தடவை சுருங்க விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டே காயவைப்பது. போன தடவை அவிழ்த்துவிட்டுக் காயவைத்தீர்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.


மூன்றாம்கட்டு எழுதியது:

மறுபடியும் நனைக்கவா? தண்ணீரால் கெட்டதைத் தண்ணீராலேயே சரிசெய்வது என்றால் கை நடுங்குகிறது. ஆனால் விளக்கம் படித்தபின் நியாயமாகப் படுகிறது. இழைப்புளி அண்ணன் முறையைச் சொன்னால் இந்த வாரமே ஆரம்பித்துவிடுவேன், விடுப்பில்தான் இருக்கிறேன்.


இழைப்புளி எழுதியது:

சரி, அவசரப்படாமல் படியுங்கள்.

மிச்சமிருக்கும் குறுக்குச் சட்டத்தையும் எடுத்துவிடுங்கள். ஆணியை மேலிருந்து பிடுங்காமல், சட்டத்தின் அடியில் மெல்லிய உளியைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்புங்கள். பாலிஷ் ஸ்பிரிட்டில் கரைந்தது என்றால் அது அரக்கு. மேல்பக்கம் முழுக்க ஸ்பிரிட் தொட்டு, பழைய பருத்தித் துணியால் இழைவாட்டில் துடைத்து எடுத்துவிடுங்கள், அரக்கு இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. உப்புத்தாள் போட வேண்டாம், அந்த வெற்றிலைச் செல்லத் தடம் ஸ்பிரிட்டுக்கு ஒன்றும் ஆகாது. வேலை செய்யும்போது பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது.

அப்புறம் முற்றத்தில், கல் தரையில், நல்ல வெள்ளை வேட்டி ரெண்டை வெந்நீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து விரியுங்கள். கோணிச் சாக்கு வேண்டாம், சாயமும் மண்ணும் தேக்கில் ஏறும். ஆத்தங்குடிக் கல் பதித்த இடத்திலும் வேண்டாம், ஈரம் அங்கேயே கிடந்தால் கல்லில் தடம் விழும். பலகையின் குழிந்த பக்கத்தைக் கவிழ்த்து அந்த ஈரத்தின் மேல் வையுங்கள், உப்பிய அடிப்பக்கம் மேலே வானத்தைப் பார்க்கட்டும். காலை ஏழிலிருந்து பத்து வரைதான் வெயில். அதற்குமேல் நம் ஊர் சித்திரை வெயில் பலகையை வெடிக்க வைத்துவிடும், நிழலுக்கு இழுத்துவிடுங்கள். வேட்டி காயக் காய மறுபடி நனையுங்கள். தலைப்பு ரெண்டிலும் மெழுகு தேய்த்துவிடுங்கள், ஈரம் குடிப்பதும் விடுவதும் அந்த வழியாகத்தான் வேகமாக நடக்கும், வெடிப்பும் அங்கேதான் துவங்கும். உங்கள் மயிரிழை வெடிப்புக்கு இது முக்கியம்.

தினம் காலையும் மாலையும் நூல் பிடித்து அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றேகால் அங்குலத் தேக்கு, அதுவும் எண்ணெய்ப்பசை உள்ள மரம், முதல் ரெண்டு நாள் அசையவே அசையாது. பயந்துபோய் வெந்நீரை மேலே ஊற்றிவிடாதீர்கள். மூன்றாம் நாள் இறங்க ஆரம்பிக்கும். ஒன்றரை நூலுக்கு வந்ததும் நனைப்பதை நிறுத்திவிட்டு இறுக்க வேண்டும்.

இறுக்குவதற்கு ஆறு நேரான சட்டம் வேண்டும், மூன்றுக்கு ரெண்டு அங்குலம், பலகை அகலத்தைவிட ஒரு சாண் கூடுதல் நீளம். மேலே மூன்று, கீழே மூன்று, தலைமாடு, நடு, கால்மாடு. ஒவ்வொரு ஜோடியின் முனைகளையும் ஜி கிளாம்ப்பால் பிடிக்க வேண்டும், ஆறு கிளாம்ப் ஆகும், வாடகைக்குக் கிடைக்கும். மேல் சட்டம் ரெண்டு ஓரத்தையும் கீழே அமுக்கும், கீழ்ச் சட்டம் நடுவை மேலே தள்ளும். கீழ்ச் சட்டத்துக்கும் பலகை நடுவுக்கும் இடையில் ரெண்டு நூல் கனத்துக்கு ஒரு பட்டியல் (மெல்லிய மரத்துண்டு) கொடுங்கள், பலகை எதிர்ப்பக்கம் லேசாகத் தாண்டி நிற்கட்டும், அவிழ்த்ததும் கொஞ்சம் திரும்பி வரும். ஒரே நாளில் இறுக்காதீர்கள், காலையில் கால் திருகு, மாலையில் கால் திருகு. பலகை முனகுகிற சத்தம் கேட்டால் அரைத் திருகு பின்னால் எடுத்துவிட்டு மறுநாள் தொடருங்கள். இன்னொன்று, ஈரத் தேக்கில் இரும்பு பட்டால் மைக்கறுப்பாகக் கறை ஏறும், கிளாம்ப்பின் வாய் மரத்தில் நேராகப் படாமல் கட்டைத்துண்டு கொடுங்கள்.

பிறகு நிழலில், ரெண்டு பக்கமும் காற்றுப் படும்படி கட்டைமேல் தூக்கி வையுங்கள். மின்விசிறியை நேராகக் காட்ட வேண்டாம். ஐந்து ஆறு வாரம்.


மரவளையம் எழுதியது:

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி சேர்க்கிறேன். கொக்கித் தராசு ஒன்று வாங்கி, கிளாம்ப் சட்டம் எல்லாவற்றோடும் சேர்த்தே வாரம் ஒருமுறை தூக்கி எடை போடுங்கள். பலகை மட்டுமே இருபது கிலோ பக்கம் இருக்கும், கூட ஒரு ஆள் வேண்டும். அடுத்தடுத்து ரெண்டு வாரம் ஒரே எடை நின்றால் சுற்றியுள்ள காற்றோடு மரம் சமாதானமாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னால் அவிழ்த்தால் பட்ட பாடெல்லாம் வீண்.


பள்ளத்தூர்க்காரி எழுதியது:

என் அனுபவம் ஒன்று. எங்கள் பெட்டகத்து மூடி முக்கால் அங்குலப் பலகை, அது குழிந்தபோது இதே முறையில் ஒன்றரை நாளிலேயே நேராகிவிட்டது. ஆனால் நான் செய்த தப்பு, நேரானதும் மேலே மட்டும் அழகாக மூன்று கோட் வார்னிஷ் அடித்து, உள்பக்கத்தை வெறுமனே விட்டுவிட்டேன். அடுத்த மழைக்கு உள்பக்கம் மட்டும் ஈரம் குடித்து மூடி மறுபடி வளைந்துவிட்டது. எண்ணெயோ அரக்கோ எதுவானாலும், கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கும் அதே அளவு கொடுங்கள் ஆச்சி. (ஆச்சியா அண்ணனா தெரியவில்லை, தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.)

இழைப்புளி அண்ணே, எனக்கும் ஒரு கேள்வி. எங்கள் ரெண்டாம் கட்டுக் கதவு கார்த்திகை வந்தால் நிலையில் இறுகிக்கொள்கிறது. இழைக்கச் சொல்லலாமா? மகன் சென்னை வீட்டில் ப்ளைவுட் அலமாரிக் கதவும் வளைந்திருக்கிறது.


இழைப்புளி எழுதியது:

கதவைக் கார்த்திகையில் இழைக்காதீர்கள் ஆச்சி, பங்குனியில் பார்த்தால் விரல் போகிற சந்து விழுந்து பல்லி நுழையும். இறுகுகிற இடத்தில் இப்போது சோப்போ மெழுகோ தேய்த்து ஓட்டுங்கள். கோடையிலும் பிடித்தால் மட்டும் அந்த இடத்தில் ரெண்டு சீவல். கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பூச்சே இல்லாமல் இருக்கும், யாரும் அதைப் பார்ப்பதில்லை, ஈரம் ஏறுவது அதன் வழியாகத்தான், அங்கே ரெண்டு கோட் கொடுங்கள். ப்ளைவுட்டில் அடுக்கடுக்காகக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் இந்த நனைக்கும் வைத்தியம் பலிக்காது, பசைதான் விடும். கதவை மாற்றுவதுதான் வழி.


மூன்றாம்கட்டு எழுதியது:

(நான் ஆச்சிதான், சரியாகத்தான் கூப்பிட்டீர்கள்.)

ஆடி பிறந்துவிட்டது, நடந்ததைச் சொல்ல வந்தேன். முதல் ரெண்டு நாள் நாலு நூல் நாலு நூலாகவே நின்றது. அண்ணன் முன்னாலேயே சொல்லியிருக்காவிட்டால் வெந்நீரை ஊற்றியிருப்பேன். மூன்றாம் நாள் மாலை மூன்றரை. நாலாம் நாள் காலையில் வேட்டியைத் தூக்கிப் பார்த்தபோது பலகையிலிருந்து தேக்கு வாசம் வந்தது, புதிதாக அறுத்த மரம் மாதிரி, எத்தனை வருடத்து மரம் அது. அன்றைக்கு இரண்டே முக்கால். ஏழாம் நாள் ஒன்றரை. கிளாம்ப் போட்டு இறுக்க ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். ஒருதடவை டக் என்று சத்தம் கேட்டது, பின்னால் எடுத்துவிட்டு மறுநாள்தான் தொட்டேன். விடுப்பு முடிந்து நான் ஊருக்கு வந்துவிட்டதால், வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஞாயிறு ஞாயிறு எடை போட்டு எனக்கு எழுதி அனுப்பினார். ஆனி கடைசியில் ரெண்டு வாரம் எடை மாறவில்லை.

நேற்று அவிழ்த்தோம். ஒரு நாள் சும்மா விட்டு இன்றைக்கு நூல் பிடித்தேன். முக்கால் நூல்தான் இருக்கிறது. எலுமிச்சம்பழம் வைத்த இடத்திலேயே நிற்கிறது. மயிரிழை வெடிப்பு கூடவில்லை. கறுத்த திட்டு ஒன்று மட்டும் பழைய ஆணி இருந்த இடத்தில் போகவே இல்லை, அது இருந்துவிட்டுப் போகட்டும். வெற்றிலைச் செல்லத் தடம் அப்படியே இருக்கிறது.

இனி குறுக்குச் சட்டத்தை எப்படி மாட்டுவது? பழையபடி ஆணியா, திருகா? அந்த முக்கால் நூலை என்ன செய்வது?


இழைப்புளி எழுதியது:

படித்ததும் சந்தோஷமாக இருந்தது ஆச்சி, முக்கால் நூல் வந்ததே பெரிசு.

ஆணி வேண்டாம், பசையும் வேண்டாம். 22 அங்குலத் தேக்குப் பலகை மழைக்கும் கோடைக்கும் ஒரு நூலுக்கு மேல் அகலம் கூடிக் குறையும். அதை அசையவிடாமல் ஆணி அடித்ததால்தான் முதலில் இழை நசுங்கியது, அப்புறம் ஆணியும் பிடுங்கிக்கொண்டது. பழைய தேக்குச் சட்டம் ரெண்டு வாங்குங்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீடு பிரித்த மரம் கிடைக்கும், புதுமரத்தைவிட அதுதான் அடங்கி நிற்கும். சட்டத்தின் நடுவில் ஒரு திருகு மட்டும் இறுக்கமாக. ரெண்டு பக்கமும் போடும் திருகுகளுக்குச் சட்டத்தில் வட்டத் துளை போடாமல், அகலவாட்டில் நீண்ட துளையாகப் போட்டு, வாஷர் வைத்து, இறுக்கிவிட்டுக் கால் திருகு தளர்த்துங்கள். பலகை நகரும், ஆனால் வளையாது. பித்தளைத் திருகு போட்டால் கறையும் வராது.

அரக்குப் பாலிஷ் மேலே எத்தனை கையோ கீழேயும் அத்தனை கை, தலைப்பில் ஒரு கை கூடுதலாக. சாந்திக்கு ஒரு வாரம் முன்னால் மாட்டி, முதலில் ரெண்டு அரிசி மூட்டையை ஏற்றி ஒருநாள் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஆட்களை உட்கார விடுங்கள்.

முக்கால் நூலை ஒன்றும் செய்ய வேண்டாம். ஐப்பசியில் காற்று ஈரமானதும் பாதி தானாக இறங்கும். கார்த்திகைத் தீபத்துக்கு வரும்போது ஒருமுறை நூல் பிடித்துப் பார்த்து எழுதுங்கள். தாழ்வாரத்தில் மாற்றிய அந்த ஓடு சரியாக இருக்கிறதா என்றும் ஏறிப் பாருங்கள்.